தாழம்பூ அத்தர்: குளிர்ந்த மணத்தைச் சூட்டிலிருந்து காத்து அணியும் முறை

மல்லிகை அத்தரை எங்கே தொட்டுக்கொண்டாலும் அது தன் வேலையைச் செய்துவிடும். தாழம்பூ அத்தர் அப்படியல்ல. சூடான உடம்பில், உச்சி வெயிலில், ஒரு துளி கூடிப்போனாலும் தலைவலியாக மாறும். இல்லையென்றால் பிரியாணி அண்டாவைத் திறந்த மாதிரி ஆகிவிடும். சரியாக அணிந்தால் வருகிற மணமே வேறு. மழை விட்ட கடற்கரைத் தாழம்புதரின் ஈரப் பச்சை முதலில் வரும். அதன் பின்னால் கொஞ்சம் தேன், அதற்கும் பின்னால் பால் போன்ற சந்தனம். யாரையும் கூப்பிடாமல் ஒதுங்கி நின்று எதையோ நினைத்துக்கொண்டிருக்கும் மணம் அது. தாழை நெய்தல் நிலத்துப் பூ. நெய்தலுக்குப் பழைய தமிழ் இலக்கணம் வகுத்த உணர்வு இரங்கல், பொழுது எற்பாடு, அதாவது பொழுது சாயும் நேரம். இந்த அத்தரை முகர்ந்து பார்த்தவர்களுக்கு அந்த வகுப்பில் வியப்பதற்கு ஒன்றும் இருக்காது.

குளிர்ச்சி எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால், அணியும் முறையில் பாதி தானாகவே புரிந்துவிடும். தாழம்பூ எண்ணெயில் பெரும்பங்கு 2-ஃபினைல் எத்தில் மெத்தில் ஈதர் என்னும் பொருள். பூவின் கூர்மையும் பச்சைத் தேன் வாசமும் அதனுடையவை. அடுத்த பங்கு டெர்பினென்-4-ஆல். டீ ட்ரீ எண்ணெயில் மூக்கைச் சில்லென்று தொடும் பொருளும் இதுதான். மல்லிகைக்கு உடம்புச் சூட்டைப் போன்ற கனத்தைக் கொடுக்கும் இன்டோல் இதில் சொல்லத்தக்க அளவில் இல்லை. தாழம்பூ வெதுவெதுப்பாக அணைக்காமல் தள்ளியே நிற்பது அதனால்தான். மேற்சொன்ன இரண்டு பொருள்களும் சீக்கிரம் ஆவியாகிறவை. அடியில் இருக்கும் சந்தன எண்ணெயின் சான்டலால்கள் கனமானவை, மெல்லவே எழும். சூடு கூடக் கூடப் பூ முதலில் பறந்துவிட, சந்தனம் மட்டும் தங்கும். ஆகவே தாழம்பூ அத்தரை அணிவது என்பது, அந்தப் பூவை எவ்வளவு நேரம் பறக்காமல் பிடித்து வைக்கிறோம் என்பதுதான்.

குப்பியில் இருப்பது எது

தாழம்பூ என்ற பெயரில் கடையில் மூன்று பொருள்கள் இருக்கின்றன. மூன்றையும் குழப்பிக்கொண்டுதான் பலர் ஆரம்பத்திலேயே ஏமாறுகிறார்கள்.

கேவ்டா என்பது தாழம்பூவின் இந்திப் பெயர். முதலாவது கேவ்டா ஜலம், தாழம்பூ நீர். சமையலுக்கும் இனிப்புக்கும் உரியது. பெரும்பாலான குப்பிகளில் 'செயற்கை நறுமணம்' என்று சிறு எழுத்தில் அச்சிட்டிருக்கும். அணிவதற்கு அது பயன்படாது. சமையல் எசென்ஸ் தோலுக்கு ஆகவே ஆகாது.

இரண்டாவது கேவ்டா ரூ. பூவிலிருந்து வடித்த தனி எண்ணெய் இது. அடி, அதாவது மணத்தைத் தாங்கும் எண்ணெய், எதுவும் சேராதது. ஒடிசாவின் கஞ்சம் மாவட்டத்தில்தான் இந்தியாவின் தாழம்பூத் தொழில் குவிந்திருக்கிறது. கஞ்சம் கேவ்டா பூவுக்கும் ரூவுக்கும் புவிசார் குறியீடு உண்டு. மணக்கும் மடல் ஆண் மரத்தில் மட்டுமே. பெண் மரத்தில் அன்னாசி போன்ற காய் வரும், மணம் இருக்காது. பறித்த பூ வேகமாக வதங்கி மணம் இழக்கும் என்பதால் வடிப்பாலைகளைப் பூ பூக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறார்கள். ரூவை அப்படியே தோலில் வைக்கக் கூடாது. உறுத்தும், அதைவிட, அதன் உரத்த கூர்மையில் குளிர்ச்சி எதுவும் தெரியாது.

மூன்றாவதுதான் நாம் தேடுவது: கேவ்டா அத்தர். தேக் என்னும் செப்புப் பானையில் பூவையும் நீரையும் இட்டு, மூடியை மண்ணால் பூசி அடைத்து, மூங்கில் குழாய் வழியே ஆவியை பப்கா என்னும் குடுவைக்குள் இறக்குவார்கள். பப்காவில் முன்பே சந்தன எண்ணெய் இருக்கும். தண்ணீர்த் தொட்டியில் குளிர்ந்தபடி அது பூவின் மணத்தைக் குடிக்கும். உத்தரப் பிரதேசத்தின் அத்தர் ஊரான கன்னௌஜின் பெயரோடு சேர்ந்துவிட்ட முறை இது. பூவும் சந்தனமும் பின்னால் கலந்தவை அல்ல, வடிக்கும்போதே இணைந்தவை. அதனால்தான் நல்ல கேவ்டா அத்தரில் பூ எங்கே முடிகிறது, சந்தனம் எங்கே தொடங்குகிறது என்று பிரித்துச் சொல்ல முடிவதில்லை.

கடையில் கேட்க வேண்டிய ஒரே கேள்வி: "அடி என்ன?" இன்று சந்தன எண்ணெய் கிலோ லட்சம் ரூபாய்க்கு மேல் விற்கிறது. 10 கிராம் அடிக்கு மட்டுமே ஆயிரம் ரூபாயைத் தாண்டும். ஒரு தோலா, அதாவது 11.66 கிராம், இருநூறு முந்நூறு ரூபாய்க்குக் கிடைத்தால் அதில் சந்தன அடி இருக்க வழியில்லை. மெழுகெண்ணெய் எனப்படும் திரவப் பாராஃபினோ, தாலேட் வகைக் கரைப்பானோ இருக்கும். இதை ஒளிக்காமல் சொல்லும் வியாபாரிகளும் இருக்கிறார்கள், அவர்களிடமே வாங்குங்கள். முதல் தடவை 12 மில்லி வாங்காதீர்கள். 3 மில்லி போதும். ஒரு தடவைக்கு இரண்டு மூன்று தொடுகைதான் (குச்சியின் ஈரத்தை ஒற்றும் அளவு) என்பதால் அதுவே பல மாதம் வரும்.

வாங்கியதைச் சோதிக்க ஒரு வெள்ளை ஓவியத் தாளை விரல் அகலத்துக்குக் கீற்றாக வெட்டி, நுனியில் ஒரு தொடுகை வைத்து, நேரத்தை எழுதி வைத்துவிடுங்கள். உடனே ஒரு முறை, 10 நிமிடத்தில், 1 மணியில், 6 மணியில், மறுநாள் காலையில் என்று முகருங்கள். சந்தன அடியுள்ள அத்தர் படிப்படியாக மாறும்: கூர்மை, பச்சை, தேன், பால். மறுநாள் காலையில் மெல்லிய சந்தனமும் பூவின் நிழலும் மிச்சமிருக்கும். காலையிலும் முதல் நிமிடத்து மணமே மாறாமல் நின்றால் செயற்கைச் சரக்கு. மணம் போய், தாளில் வெளிச்சம் ஊடுருவும் எண்ணெய்ப் பொட்டு மட்டும் நின்றால் பாராஃபின். இன்னொரு சோதனையும் உண்டு. 90 சதவீதத்துக்கு மேற்பட்ட எத்தில் ஆல்கஹாலில் ஒரு துளி விட்டுக் குலுக்கினால் சந்தன எண்ணெய் தெளிவாகக் கரைந்துவிடும். பாராஃபின் கலங்கி, முத்து முத்தாகப் பிரியும். தாலேட் அடிகளும் ஆல்கஹாலில் கரைபவை என்பதால் இந்தச் சோதனையில் அவை தப்பிவிடும். அங்கே தாள் கீற்றையும் மூக்கையும்தான் நம்ப வேண்டும்.

ரூ மட்டும் கிடைத்தால் வீட்டிலேயே கலக்கலாம். 0.01 கிராம் காட்டும் சிறு தராசு வேண்டும். துளி எண்ணினால் கணக்குத் தப்பும், ஒவ்வொரு சொட்டுக் குழலும் ஒவ்வோர் அளவில் சொட்டும். 3 கிராம் கலவைக்கு 0.15 கிராம் ரூ, 2.85 கிராம் சந்தன எண்ணெய். இது 5 சதவீதம். இதற்கு மேலே போகாதீர்கள். குறைத்து 3 சதவீதத்தில் தொடங்கினாலும் நன்று. சந்தனத்துக்கு வழியில்லையென்றால் ஹோஹோபா எண்ணெயோ, மணம் நீக்கிய பின்னத் தேங்காய் எண்ணெயோ (ஃபிராக்ஷனேட்டட் கோகனட் ஆயில்) பயன்படுத்தலாம். மணம் தூய்மையாகவே இருக்கும், ஆனால் பூ பறந்தபின் கீழே தாங்க ஒன்றும் இல்லாததால் ஒன்றிரண்டு மணியில் ஓய்ந்துவிடும். சாதாரணச் செக்கு எண்ணெய்கள் வேண்டாம். அவற்றின் சொந்த வாசமும், நாள்பட வரும் சிக்கு வாடையும் தாழம்பூவைக் கெடுத்துவிடும். கலந்த குப்பியை இருட்டில் இரண்டிலிருந்து நான்கு வாரம் விடுங்கள். கலந்த அன்று முகர்ந்தால் ரூவும் சந்தனமும் தனித்தனியாகத் தெரியும். பொறுத்தால் அந்த ஸ்பிரிட் போன்ற முனை மழுங்கும்.

எந்த அத்தரானாலும் முதலில் முன்கையின் உட்புறம் ஒரு தொடுகை வைத்து 24 மணி நேரம் விட்டுப் பாருங்கள். 48 மணி வரை சிவப்போ அரிப்போ வரவில்லையென்றால் அணியலாம். கர்ப்பிணிகளும், ஆஸ்துமா உள்ளவர்களும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளட்டும். குழந்தைகளுக்கு வேண்டாம்.

அணியும் நேரமும் உடம்பும்

சென்னையிலோ தூத்துக்குடியிலோ சித்திரை மாதத்து நண்பகலில் இதை அணிந்து வெளியே கிளம்பினால் பேருந்து நிறுத்தம் போய்ச் சேர்வதற்குள் பூ போய்விடும். நல்ல நேரம் மாலை நாலரைக்கு மேல். மழை நாளென்றால் எந்நேரமும் சரி. ஈரக் காற்றில் மணம் மூக்குக்கு நன்றாக எட்டும், தோலும் சூடாக இருக்காது. இரண்டும் சேர்வது மழைக்காலத்தில்தான். மார்கழி விடியலும் பொருத்தமானது. குளிரூட்டிய அறைக்குள் முழு நாளும் இருப்பவர்கள் காலையிலேயே அணியலாம். ஆனால் அங்கே காற்று வறண்டிருப்பதால் தோலை முன்கூட்டியே ஈரப்படுத்திக்கொள்ள வேண்டும்.

குளிக்கும்போது மணமில்லாத சோப்பு. இதைச் சின்ன விஷயம் என்று விட்டுவிடாதீர்கள். சந்தன சோப்பு, எலுமிச்சை சோப்பு, பூலாங்கிழங்கு கலந்த நலங்கு மாவு எதுவானாலும் தாழம்பூவின் மேல்பகுதியை முழுங்கிவிடும். வெந்நீரில் குளித்தால் உடனே அத்தரைத் தொடாதீர்கள். உடம்பு ஆறி, வேர்வை அடங்க 10 நிமிடம் ஆகும். துடைத்த தோலில் மணமில்லாத ஈரப்பசை கிரீமை மெல்லியதாகப் பூசி, அது ஊறியபின் அத்தர். வறண்ட தோல் எண்ணெயை உடனே உள்ளே இழுத்துவிடும், மணம் எழும்ப மேலே ஒன்றும் தங்காது. பவுடர் போடுகிற பழக்கமிருந்தால் அந்த இடங்களை விட்டுவிட்டுப் போடுங்கள்.

அளவு பற்றி ஒரு தெளிவு. 'துளி' வேறு, 'தொடுகை' வேறு. மூடியோடு வரும் கண்ணாடிக் குச்சியைக் குப்பியின் கழுத்தில் ஒருமுறை வழித்து, மீந்திருக்கும் ஈரத்தை மட்டும் தோலில் ஒற்றுவதுதான் தொடுகை. ஒரு துளியில் இப்படிப் பல தொடுகை அடங்கும். தாழம்பூவுக்கு இரண்டு தொடுகையில் தொடங்குங்கள். 20 நிமிடம் காத்திருந்து, தேவையென்றால் மூன்றாவது. நாலுக்கு மேல் எந்த நாளிலும் வேண்டாம்.

எங்கே தொடுவது

வாசனைத் திரவியம் என்றாலே நாடி துடிக்கும் இடங்களில் வைக்கச் சொல்வார்கள்: மணிக்கட்டு, காதுமடலின் பின்புறம், தொண்டைக்குழி. ஊது எனப்படும் அகிலுக்கும் அம்பருக்கும் அது சரி. கனமான அந்த மணங்கள் எழும்பச் சூடு வேண்டும். தாழம்பூவுக்கு அதே இடங்கள் பாதகம். ரத்தம் தோலுக்கு நெருங்கி ஓடும் இடத்தில் சூடு அதிகம், பூ சீக்கிரம் போகும். காதின் பின்புறம் எண்ணெய்ப் பசையும் வேர்வையும் சேர்ந்து மணத்தைப் புளிக்க வைக்கும். மணிக்கட்டு நாளில் பத்து முறை தண்ணீர் படும் இடம்.

இதற்கு ஏற்ற இடங்கள் உடம்பின் குளிர்ந்த, காற்றாடும் பரப்புகள். மேற்கையின் வெளிப்புறம், தோளுக்கு நான்கு விரல் கீழே ஒரு தொடுகை வைத்தால், கை அசையும்போதெல்லாம் லேசாக எழும். முன்கையின் வெளிப்பக்கம், முழங்கைக்குக் கீழே, இன்னொன்று. காறை எலும்பின் மேல், குழிக்குள் இல்லாமல் எலும்பின் மேலேயே, வைத்தால் உங்கள் மூக்குக்கே அவ்வப்போது எட்டும். புடவையோ பாவாடையோ உடுத்துபவர்கள் கணுக்காலுக்குச் சற்று மேலே, வெளிப்புறம் ஒரு தொடுகை வைத்துப் பார்க்க வேண்டும். நடக்கும்போது கீழிருந்து மெல்ல ஏறிவரும் தாழம்பூ மிக அழகானது. முகத்துக்கு அருகே வைக்கும்போது தெரியும் கூர்மை அந்தத் தூரத்தில் முழுதும் கரைந்துவிடும். தலைவலி வருமோ என்று அஞ்சுபவர்களுக்கும் இந்த இடம்தான்.

முழுக்கக் குளிர்ந்த இடங்களிலேயே வைத்தால் மணம் தூங்கிவிடும் என்பதும் உண்மை. இரண்டு தொடுகை என்றால் ஒன்று மேற்கையில், ஒன்று முழங்கை மடிப்புக்கு ஓர் அங்குலம் தள்ளி என்று வையுங்கள். மடிப்பின் இளஞ்சூடு மணத்தை எழுப்பும், ஆனால் வேர்வை சேராது.

தேய்க்காதீர்கள். தேய்த்தால் மணத்தின் மூலக்கூறு உடைந்துவிடும் என்று பரவலாகச் சொல்வது தவறு. கைத் தேய்ப்பில் எந்த மூலக்கூறும் உடையாது. நடப்பது வேறு: எண்ணெய்ப் படலம் அகலமாகி மெலியும், உராய்வில் தோல் சூடேறும், இரண்டும் சேர்ந்து முதல் அரைமணியின் பூவைப் பத்து நிமிடத்தில் தீர்த்துவிடும். ஒற்றி விட்டுவிடுங்கள். ஒரு நிமிடம் துணி படாமல் இருக்கட்டும்.

முதல் பத்து நிமிடம் மணம் கூர்மையாக, ஏறக்குறைய வார்னிஷ் போலக்கூட இருக்கும். அந்த நேரத்தில் முகர்ந்துவிட்டு அத்தரே கெட்டது என்று முடிவு கட்டுபவர்கள் நிறைய. வீட்டை விட்டுக் கிளம்புவதற்கு அரைமணி முன்பு அணியுங்கள். அதன்பின் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம்தான் இந்த அத்தரின் உயிர். பச்சையும் ஈரமும் தேனும், அந்த ஒதுங்கிய துயரமும் அப்போதுதான் தெரியும். அதற்குப்பின் சந்தனம் மேலெழுந்து ஐந்தாறு மணி நேரம் தோலோடு ஒட்டி நிற்கும்.

துணியும் பஞ்சும்

பூவை நாள் முழுக்கப் பிடித்து வைக்கத் தோலைவிடப் பஞ்சு நல்லது. அதில் சூடு இல்லை, வேர்வை இல்லை. அத்தர் அணிபவர்களின் பழைய வழக்கமான காதுப் பஞ்சுக்குப் பொருள் இதுதான். மணமில்லாத மருத்துவப் பஞ்சைப் பச்சைப்பயறு அளவுக்கு உருட்டி, ஒரே ஒரு தொடுகை வைத்து, வெளிக்காதின் மேல் மடிப்புக் குழியில் செருகிக்கொள்ள வேண்டும். காதுத் துவாரத்துக்குள் அல்ல. கொண்டைக்கடலை அளவுக்குப் போனால் அதிகம். மூக்குக்கு அத்தனை அருகில் நாள் முழுக்க அது இருக்கப்போகிறது.

துணியில் வைப்பதென்றால் பருத்தி. கைக்குட்டையின் ஒரு மூலையில் இரண்டு தொடுகை வைத்து, அந்த மூலை உள்ளே போகும்படி மடித்துச் சட்டைப் பையிலோ இடுப்பிலோ வைத்தால் மறுநாள் காலைவரை பூ தெரியும். முந்தானையில் வைப்பவர்கள் உள்பக்கத்து மடிப்பு விளிம்பில் வையுங்கள். பட்டிலும், வெளிர் நிறத் துணியிலும் நேரடியாக வைக்காதீர்கள். சந்தன எண்ணெய் மஞ்சள் கறை விடும், பட்டில் அந்தக் கறை வெளியேறாது. பட்டுப் புடவைக்குத் தாழம்பூ வேண்டுமென்றால் பழைய வழியே சிறந்தது: துணிப்பெட்டியில் காய்ந்த தாழம்மடலை வைப்பதுபோல, அத்தர் தொட்ட பஞ்சைக் காகித உறையில் இட்டுப் புடவைகளுக்கு நடுவே இரண்டு நாள் வைத்தால் போதும். உறை துணியில் எண்ணெய் படாமல் காக்கும்.

கூந்தலுக்கு நேராக வைக்க வேண்டாம். ஒரு தொடுகையை மரச் சீப்பின் பற்களில் தடவி, ஐந்து நிமிடம் ஆறவிட்டு, முடியின் கீழ்ப் பாதியில் மட்டும் ஒருமுறை வாருங்கள். அன்று தேங்காய் எண்ணெய் வைத்திருந்தால் இதை விட்டுவிடலாம், இரண்டும் ஒத்துப்போகாது. தலையில் மல்லிகைச் சரம் வைக்கும் நாளிலும் தாழம்பூ அத்தர் வீண். கல்யாண மண்டபத்தில் நூறு முழம் மல்லிகைக்கு நடுவே அது எங்கிருக்கிறது என்றே தெரியாது.

தவறும் இடங்கள்

"இனிப்பு வாசம் அடிக்கிறது, பிரியாணி வாசம் அடிக்கிறது" என்பதுதான் அதிகம் வரும் குறை. நம் மூக்கு கேவ்டாவை ரசகுல்லாவிலும் பிரியாணியிலும்தான் பழகியிருக்கிறது. அத்தரைக் கூடுதலாக வைக்கும்போது முதலில் எழும்புவது அந்த நினைவு. அளவைப் பாதியாக்கிப் பாருங்கள். அப்படியும் போகவில்லையென்றால் வெட்டிவேர் அத்தரை ஒரு தொடுகை பக்கத்தில் வையுங்கள். வேரின் மண்ணும் கசப்பும் இனிப்பை இழுத்துக் கட்டிவிடும். அதற்கும் அடங்காவிட்டால் குப்பியில் இருப்பது செயற்கைச் சரக்கு என்று கொள்ளலாம்.

தலைவலி வந்தால் கழற்றிவிட வேண்டியதுதான், பொறுத்துப் பார்க்கத் தேவையில்லை. வெறும் தண்ணீரில் கழுவினால் போகாது, பரவத்தான் செய்யும். மணமில்லாத எண்ணெயைப் பஞ்சில் நனைத்து அந்த இடத்தை ஒற்றி எடுங்கள். அத்தர் அந்த எண்ணெயில் கரைந்து வந்துவிடும். அதன்பின் சோப்பு. இதை இரண்டு முறை செய்தால் பெரும்பாலும் போய்விடும்.

அரைமணியில் மணமே இல்லை என்று தோன்றினால் உடனே மறுபடி தொடாதீர்கள். போனது மணம்தானா, உங்கள் மூக்கின் கவனமா என்று பார்க்க வேண்டும். ஒரே மணத்தை இருபது நிமிடம் முகர்ந்தால் மூக்கு அதை அறிவிப்பதை நிறுத்திவிடும். பக்கத்தில் இருப்பவருக்கு அது தெரிந்துகொண்டே இருக்கும். மொட்டை மாடிக்கோ வாசலுக்கோ போய் ஐந்து நிமிடம் காற்று வாங்கித் திரும்புங்கள். அல்லது வீட்டில் ஒருவரைக் கேளுங்கள். உண்மையிலேயே போயிருந்தால் தோல் வறண்டிருக்கிறது, அல்லது அடி சந்தனமில்லை. அடுத்த முறை கிரீமைக் கொஞ்சம் கூட்டுங்கள், அல்லது பஞ்சுக்கு மாறுங்கள்.

புளித்த வாசம் வேர்வையால் வருவது. அதே இடத்தின் மேல் புதிதாக அத்தர் வைத்து மறைக்க முயன்றால் இன்னும் மோசமாகும். துடைத்துவிட்டு வேறிடத்தில் தொடுங்கள்.

எதோடு சேரும்

இது தனியாக இருக்கும்போதே அழகு. சேர்ப்பதென்றால் மிட்டி அத்தரை முதலில் சொல்ல வேண்டும்: சுட்ட களிமண்ணை வடித்துச் சந்தன எண்ணெயில் பிடிக்கும் கன்னௌஜ் சரக்கு, முதல் மழையின் மண்வாசம். தாழம்பூ மூன்று தொடுகை, மிட்டி ஒன்று. இரண்டையும் ஒரே இடத்தில் வைக்காமல் ஒரு சாண் தள்ளி வைத்தால் மழை எங்கோ தூரத்தில் பெய்வது போலிருக்கும். வெட்டிவேருக்கும் அதே விகிதம். ரோஜா சேரும், ஆனால் சோகம் குறைந்து முகம் மலர்ந்துவிடும். அது வேண்டுமா என்பது உங்கள் விருப்பம். ஊது, அம்பர், கஸ்தூரி, வெனிலா ஆகியவற்றை விலக்குங்கள். அவை நான்கும் சூட்டையே தங்கள் அழகாகக் கொண்டவை, பத்து நிமிடத்தில் தாழம்பூவை மூடிவிடும். எதை எதோடு சேர்ப்பதானாலும் முதலில் இரண்டு தாள் கீற்றில் தொட்டு, இரண்டையும் சேர்த்துப் பிடித்து முகர்ந்து பார்த்தபின் தோலுக்கு வாருங்கள்.

குப்பியைப் பாதுகாத்தல்

கெடுப்பவை வெளிச்சம், சூடு, காற்று. அடர்நிறக் கண்ணாடிக் குப்பியை அலமாரியின் கீழ்த்தட்டில், நிமிர்ந்த நிலையில் வையுங்கள். கண்ணாடி மூடிகள் படுக்க வைத்தால் கசியும். குளியலறை வேண்டாம், கார் வேண்டவே வேண்டாம். ரப்பர் சொட்டுக் குழலை மூடியாகப் போட்டு வைத்தால் எண்ணெய் ஆவி ரப்பரை இளக்கி, அதன் வாசம் அத்தருக்குள் இறங்கும். பெரிய குப்பியில் கால்வாசி மட்டும் மிஞ்சியிருந்தால் அந்த அளவுக்கேற்ற சிறு குப்பிக்கு மாற்றுங்கள், மேலே நிற்கும் காற்று குறையும். தோலில் தொட்ட குச்சியைத் துடைக்காமல் திரும்பக் குப்பிக்குள் விடாதீர்கள். வேர்வையும் தோல் பசையும் உள்ளே போய்ச் சேரும். தினமும் அணிபவர்கள் ஒரு வாரத்துக்கு வேண்டியதைச் சிறு குப்பியில் எடுத்துக்கொண்டு, பெரியதைத் திறக்காமல் வைப்பது நல்லது.

சந்தன அடி நாள்பட நாள்பட மெருகேறும், தாழம்பூ நாள்பட நாள்பட அடங்கும். மூன்றாம் ஆண்டில் அதே குப்பியில் முன்பிருந்த பச்சை பாதிதான் இருக்கும். அப்போது தொடுகையைக் கூட்டாமல், தோலை விட்டுப் பஞ்சுக்கு மாறுங்கள். காற்றுப்பட்டுப் பழசான தனி ரூ தோலை உறுத்தக்கூடும் என்பதால் அதை இனி அணியாமல், துணிப்பெட்டிக்கான பஞ்சுக்கு வைத்துக்கொள்ளலாம்.